ஆண்டு விழா பரிசளிப்பு: புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆண்டு விழாக் குழு அமைப்பார்கள். பரிசளிப்புப் பொறுப்பு பெரும்பாலும் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியரிடம் வந்து சேரும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. இடையில் கிடைக்கும் சில வாரங்களில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் ஆண்டுதோறும் அதே தவறுகள் திரும்ப நடக்கின்றன. குடிநீர் வைப்பது, பந்தல் கட்டுவது, அழைப்பிதழில் முக்கியஸ்தர் பெயர் விடுபடாமல் பார்ப்பது இவையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியவை அல்ல. விழா நன்றாக நடந்தது என்று எல்லாரும் கலைந்துபோன பிறகும் ஒரு பிள்ளையின் மனத்தில் ஆறாமல் கிடக்கும் தவறுகள்தான் இங்கே பேச்சு.

## பரிசுப் பட்டியலைக் கடைசி வாரத்தில் தயாரிப்பது

இதைப் போலப் பிள்ளைகளைப் புண்படுத்தும் தவறு வேறில்லை. எளிதில் தவிர்க்கக்கூடியதும் இதுதான். அதனாலேயே ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கோபம் வருகிறது.

நடப்பது இப்படித்தான். விழாவுக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போது, 'முதல் மூன்று இடம் பெற்றவர்களின் பெயரை நாளைக்குள் தரவும்' என்று வகுப்பாசிரியர்களுக்குச் சுற்றறிக்கை போகும். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். மதிப்பெண் பரிசுகள் அப்படியே பட்டியலில் ஏறிவிடும். விடுபடுபவை, எந்த வகுப்பாசிரியரின் பொறுப்பிலும் இல்லாத சாதனைகள்.

தேசிய வருவாய் வழித் திறன் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதுகிறார்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. முடிவு வந்து, ஆண்டு விழாவும் வரும்போது அந்த மாணவி ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள். எட்டாம் வகுப்பு ஆசிரியர் தன் இப்போதைய பிள்ளைகளை மட்டும் எழுதுவார்; ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருக்கு இது போன ஆண்டுக் கதை. பெயர் இரண்டு சீட்டிலும் இருக்காது. பதினோராம் வகுப்பில் எழுதும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வும் அப்படியே. மாநிலம் முழுவதற்கும் 1,500 பேரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஒருவர் உங்கள் பள்ளியில் இருந்தும் மேடையேறவில்லை என்றால் அது சின்ன விஷயமா?

பள்ளிக் கல்வித்துறை நடத்தும் கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பல நிலைகள் உண்டு. வட்டாரத்தில் இரண்டாமிடம் பெற்ற பறையிசைக் குழுவில் எட்டுப் பேர் என்றால், சீட்டில் 'செல்வகுமார் மற்றும் குழுவினர்' என்றே வரும். மேடையில் செல்வகுமாருக்கு மட்டும் கேடயம். மீதி ஏழு பேரும் கீழே உட்கார்ந்து கை தட்டுவார்கள். மாவட்டத் தடகளத்தில் 400 மீட்டரில் மூன்றாமிடம் பெற்ற பெண்ணின் பெயர் உடற்கல்வி ஆசிரியரின் நோட்டில் மட்டும் இருக்கும். அவர் விழாவன்று வேறு போட்டிக்கு அணியை அழைத்துப் போயிருப்பார். அந்தப் பெண்ணின் அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் கூப்பிட்டுக் கொடுத்தால் அது ஈடாகாது.

இதற்கு வழி, ஜூன் மாதமே ஒரு நீள நோட்டைத் தலைமை ஆசிரியர் அறையில் வைப்பது. தேதி, போட்டி அல்லது தேர்வு, நிலை, இடம், மாணவர் பெயர், வகுப்பு, பிரிவு, எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் இணையவழி மாணவர் பதிவு) எண், பொறுப்பாசிரியர் கையொப்பம் என ஒன்பது கட்டம் போதும். வெற்றி பெற்ற சான்றிதழ் பள்ளிக்கு வந்த அன்றே பதிய வேண்டும். குழுப் போட்டி என்றால் எட்டுப் பேருக்கும் எட்டு வரி. ஆண்டு பாதியில் பொறுப்பேற்றவர்கள் இப்போதே தொடங்கலாம்: பிரார்த்தனைக் கூட்டப் பதிவேடு, எமிஸ் பதிவுகள், உடற்கல்வி ஆசிரியரின் நோட்டு, மன்றப் பொறுப்பாசிரியர்கள் ஆகிய நான்கு இடங்களில் தேடினால் பெரும்பாலானவை கிடைத்துவிடும்.

அடுத்து மதிப்பெண். எந்தத் தேர்வின் அடிப்படையில் பரிசு என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். 6 முதல் 9 வரை போன ஆண்டு முழுஆண்டுத் தேர்வா, இந்த ஆண்டு அரையாண்டா? இரண்டும் கலந்தால் சண்டைதான். பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன ஆண்டுப் பொதுத்தேர்வு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மே மாதம் முடிவு வந்த அன்று அலுவலகத்தில் ஒட்டிய தாளைப் பார்த்தே பலர் பட்டியல் போடுகிறார்கள். மறுகூட்டலிலும் மறுமதிப்பீட்டிலும் மதிப்பெண் மாறியிருக்கும். 600-க்கு 571 வாங்கி இரண்டாமிடத்தில் இருந்தவர் 574 ஆகி முதலிடத்துக்கு வந்திருக்கலாம். அசல் மதிப்பெண் சான்றிதழை வைத்து மட்டுமே எழுதுங்கள். பன்னிரண்டு முடித்தவர்கள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கு மூன்று வாரம் முன்பே தகவல் போக வேண்டும். முந்தின நாள் மாலை போனில் சொன்னால் வேலூரிலோ கோவையிலோ விடுதியில் இருக்கும் பிள்ளை எப்படி வரும்?

இருவர் ஒரே மதிப்பெண் என்றால் இருவருக்கும் முதலிடம், அடுத்தவருக்கு மூன்றாமிடம். 'பிறந்த தேதிப்படி மூத்தவருக்கு' என்று விழா நேரத்தில் புதுவிதி உருவாக்காதீர்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பரிசு கூடுதலாக வாங்கி வைத்தால் பிரச்சினையே இல்லை.

பிறகு பெயர். சீட்டில் 'S. கார்த்திகா' என்று இருக்கும். கடைக்காரர் 'எஸ். கார்த்திகா' என்று அச்சடிப்பார். முன்னெழுத்தையும் தமிழில் எழுத வேண்டும் என்பது அரசாணை. ஆனால் எஸ் என்பது சு.வா, செ.வா, ச.வா? அப்பா பெயர் செல்வமா, சுரேஷா என்று தெரியாமல் நீங்களாக மாற்றாதீர்கள். அதே வகுப்பில் இன்னொரு கார்த்திகா இருந்தால், மேடைக்கு இருவர் ஓடி வந்து ஒருவர் தலைகுனிந்து இறங்குவதும் நடக்கும். பட்டியலைத் தட்டச்சு செய்து, விழாவுக்கு 25 நாள் முன்பு அறிவிப்புப் பலகையில் மூன்று நாள் ஒட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைப் பார்த்து, பக்கத்தில் கையொப்பம் இடட்டும். விடுபட்டவர்கள் தாமாக வந்து சொல்வார்கள். நான்காம் நாள் பட்டியல் முடிந்தது. அதன் பிறகு யார் சொன்னாலும் சேர்க்கையோ நீக்கமோ எழுத்துமூலம்தான்.

## கேடயம், சான்றிதழ்

யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்த கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பினால், பழைய எழுத்துரு வைத்திருக்கும் அச்சகத்தில் அது கட்டம் கட்டமாகத் தெரியும். அவர்கள் திரும்பத் தட்டச்சு செய்வார்கள். ண, ன, ல, ள, ழ எல்லாம் இடம் மாறும். பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், அச்சுப் பிரதியும் கொடுங்கள். மெய்ப்பு பார்த்துக் கையொப்பம் இட்ட பிறகே அச்சு.

எல்லாக் கேடயத்திலும் பெயர் பொறிக்க வேண்டாம். பள்ளி, ஆண்டு, பரிசு மட்டும் பொறித்தால் கடைசி நேர மாற்றம் வந்தாலும் சமாளிக்கலாம். பெயர் சான்றிதழில் இருக்கட்டும். கேடயங்கள் ஐந்து நாள் முன்பே கைக்கு வர வேண்டும். வந்ததும் அடியில் வரிசை எண் ஒட்டி, பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

## மேடை நேரத்தைக் கணக்கிடாதது

120 பரிசு. பெயர் வாசித்த பிறகு பிள்ளை மைதானத்திலிருந்து எழுந்து வந்தால் ஒரு பரிசுக்கு 40 விநாடி ஆகும். மொத்தம் 80 நிமிடம். பத்துப் பேர் மேடையின் இடப்பக்கப் படியருகே வரிசை எண்படி தயாராக நின்றால் 15 விநாடி. மொத்தம் 30 நிமிடம். ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம். வரிசையை நிறுத்த ஓர் ஆசிரியர், கேடயம் எடுத்துக் கொடுக்க இருவர், வாசிக்க ஒருவர் என நான்கு பேர் போதும்.

சிறப்பு விருந்தினர் ஒருவரே 120 பேருக்கும் கொடுத்தால் ஐம்பதுக்கு மேல் முகம் பார்க்காமல் கொடுப்பார். மேடையில் இருக்கும் ஐந்து பேருக்கும் 20, 25 எனப் பிரித்துவிடுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் கையால் வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. ஊர்க்காரர் கையால் வாங்குவதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சிதான்.

## அறக்கட்டளைப் பரிசுகள்

யாரோ ஒரு முன்னாள் ஆசிரியரின் நினைவாக வங்கியில் 10,000 ரூபாய் வைப்பு இருக்கும். 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 700 ரூபாய். வட்டி குறைந்தால் பரிசும் குறையும். அதை முன்கூட்டியே வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'கணிதத்தில் முதலிடம் பெறும் மாணவிக்கு' என்று கொடுத்தவர் எழுதியிருந்தால், மாணவருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. நிறுவியவரின் கடிதத்தை எடுத்துப் படித்த பிறகே பெயர் எழுதுங்கள். அவர் குடும்பத்தில் ஒருவரை அழைத்து அவர் கையால் கொடுக்கச் செய்வது மரியாதை.

## முதல் மூன்று பேருக்கே எல்லாம்

ஒரே பிள்ளை எட்டு முறை மேடையேறினால் மற்றவர்களுக்கு விழா சலித்துவிடும். மாநில முதலிடங்களை அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. வகுப்புக்கு ஒரு முன்னேற்றப் பரிசு வையுங்கள்: காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடையே மொத்தத்தில் அதிகம் கூடியவருக்கு. 500-க்கு 182 எடுத்தவர் 261-க்கு வந்திருந்தால் 79 கூடியிருக்கிறது. 480 எடுத்தவரால் அது முடியவே முடியாது. முழு வருகைப் பரிசும் அப்படித்தான். அதை வருகைப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், நினைவை நம்பாதீர்கள்.

## அணி வாரத்துக்குப் புதுச் சட்டை கேட்பது

விழாவுக்கு முந்தைய வாரம் மகிழ் முற்றம் (பள்ளிப் பிள்ளைகளை ஐந்து அணிகளாகப் பிரிக்கும் திட்டம்) அணிகளுக்குள் போட்டி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் 'குறிஞ்சி அணி எல்லாரும் இந்த நிறச் சட்டையில் வர வேண்டும்' என்றால், வாங்க முடியாத பிள்ளை அன்று பள்ளிக்கே வராது. ஓர் அங்குல சாட்டின் ரிப்பன் போதும். ஒருவருக்கு 25 செ.மீ. வீதம் 60 பேர் கொண்ட அணிக்கு 15 மீட்டர், ஐந்து அணிக்கு 75 மீட்டர். பள்ளியே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

அணிகளின் எண்ணிக்கை சமமாக இருக்காது. ஒவ்வொரு போட்டிக்கும் அணிக்கு இத்தனை பேர் என்று வரையறுத்துவிட்டு, புள்ளிகளை அன்றன்று மாலையே பலகையில் எழுதுங்கள். ஐந்தாம் நாள் மொத்தமாக அறிவித்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

## பாட்டு

கலைநிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் எடுக்கும் பாட்டில் மேடைக்கு ஒவ்வாத வரி இருக்கலாம்; முழுப் பாட்டையும் ஓர் ஆசிரியர் முன்பே கேட்டிருக்க வேண்டும். பல்லவி மட்டும் போதாது.

## விருந்தினர் தாமதம்

15 நிமிடத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். தமிழ்த்தாய் வாழ்த்து பாடி, கலைநிகழ்ச்சியைத் தொடங்கிவிடுங்கள்.

## வராத பிள்ளைகளின் பரிசு

மேசைக்கடியில் பெட்டியில் போட்டு மறந்துவிடுவதுதான் வழக்கம். விழா முடிந்த அன்றே தனிப்பட்டியல் எழுதி, மறுவாரம் திங்கள் பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் வாசித்துக் கொடுங்கள். கல்லூரிக்குப் போனவர்களுடையதைப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள். அந்தக் கையொப்பத் தாளை ஜூனில் தொடங்கிய அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, அடுத்த ஆண்டுப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.