தக்காளி அடியில கருப்பாகுதா? மருந்து வாங்காதீங்க, தண்ணியைப் பாருங்க

செடி தளதளன்னு இருக்கும், காயும் கொத்துக் கொத்தா பிடிச்சிருக்கும், ஆனா திருப்பிப் பாத்தா அடியில எட்டணா அளவுக்கு கருப்பா அமுங்கிப் போயிருக்கும். எங்க மொட்டை மாடியில முதல் வருஷம் பாதி காய் இப்படித்தாங்க போச்சு, அழுகையே வந்துடுச்சு. இது பூச்சியும் இல்ல கிருமியும் இல்ல, காயோட நுனிக்கு கால்சியம் போய்ச் சேரல அவ்ளோதான், அது தண்ணியோட சேர்ந்துதான் செடிக்குள்ள போகும், நாம ரெண்டு நாள் காயவிட்டு மூணாவது நாள் குடம் குடமா ஊத்தினா எப்படிப் போகும்?

அதனால தினமும் காலையில ஒரே நேரத்துல ஊத்துங்க. விரலை ரெண்டு இஞ்ச் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா அன்னைக்கு ஊத்த வேண்டாம். சித்திரை வெயில்ல சாயந்திரமும் கொஞ்சம் வேணும். செடி வச்சிருக்கிற பையில மண்ணு மேல காஞ்ச இலை, தேங்கா நாரு ஏதாவது மூடாக்கு போட்டா பாதி வேலை முடிஞ்சுது. கால்சியத்துக்கு முட்டை ஓடு போடலாம், ஆனா அது மக்க மாசக்கணக்காகும், மண் கலக்கும்போதே பொடிச்சுப் போட்டுடுங்க.

மண் கலவை நான் போடுறது செம்மண், கோகோபீட் (தேங்கா நார்த் தூள்), மண்புழு உரம் மூணும் சம பங்கு, கூட ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு. ஒரு அடி அகலம் ஒரு அடி உயரப் பைக்கு ஒரு செடிதான், ஆசைப்பட்டு ரெண்டு வைக்காதீங்க. விதைக்கு பெரியகுளத்துல உருவான பி.கே.எம் 1ங்கிற தக்காளி ரகம் நம்ம ஊர் வெயிலுக்கு நல்லா வரும்.

25 நாள் நாத்தை சாயந்திரமா நடுங்க, கீழ் இலைகளைக் கிள்ளிட்டு தண்டுல பாதி வரைக்கும் மண்ணுக்குள்ள புதைங்க. கத்திரிக்கு இப்படிச் செய்ய மாட்டோம், தக்காளிக்கு மட்டும் தைரியமா செய்யலாம், தண்டுல குட்டிக் குட்டியா மேடு தெரியுது பாருங்க, மண்ணு பட்டா அதெல்லாம் வேராகிடும்.

செடியைத் தாங்குற குச்சியை நாத்து நடும்போதே ஊனிடுங்க, அப்புறம் ஊனினா வேர் அறும். பூ வந்ததும் காலையில கொத்தை விரலால லேசா சுண்டி விடுங்க, மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். இலை சுருண்டு செடி குட்டையா நின்னுட்டா அது வெள்ளை ஈ பரப்புற வைரஸ், மனசைக் கல்லாக்கிட்டு பிடுங்கிடுங்க, இல்லன்னா பக்கத்துச் செடிக்கும் போயிடும். ஈ வராம இருக்க மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டு, வாரம் ஒருக்கா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து இலைக்கு அடிப்பக்கம் படுற மாதிரி சாயந்திரம் அடிங்க.

நட்ட ரெண்டு ரெண்டரை மாசத்துல பழுக்க ஆரம்பிக்கும். லேசா செவக்கும்போதே பறிச்சு வீட்டுக்குள்ள வைங்க, அணில் முந்திக்கும்.