பெட்டி எடுக்குமுன் இரண்டு பெரிய கியூபா சுருட்டுகளை ஒப்பிட

பார்த்தகாஸ் லூசித்தானியாவா, ஓயோ தே மொந்தெரே டபுள் கொரோனாவா என்று தயக்கமா? 25 சுருட்டுப் பெட்டிக்குப் பணம் கட்டுமுன் வகைக்கு இரண்டு உதிரி வாங்குங்கள். நான்கையும் காற்றுப்புகாத ஒரே டப்பாவில், ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் வைத்திருக்கும் பாக்கெட்டோடு மூன்று வாரம் வைத்துவிட்டு, அதன்பிறகே பற்ற வையுங்கள்.

இரண்டும் 194 மி.மீ. நீளம், 49 ரிங் பருமன் (ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64ல் ஒரு பங்கு). அளவு ஒன்றே என்பதால், ஈரமும் ஒன்றாகிவிட்டால் நாக்கில் தெரிவது இலைக் கலவையின் வித்தியாசம்தான். ஈரம் மிஞ்சிய சுருட்டு இழுக்கவே வராது. காய்ந்தது சூடேறிக் காரமடிக்கும். பழி கலவை மேல் விழும். கையால் சுற்றும் சரக்கில் ஒன்றிரண்டு இறுகிப்போவது சகஜம், அதற்குத்தான் வகைக்கு இரண்டு. ஒரே நாளில் இரண்டையும் பிடித்தால் இரண்டாவதன் ருசி பிடிபடாது. நாள் விட்டு, அதே நேரத்தில், அதே சாப்பாட்டுக்குப் பின் பிடியுங்கள். முதல் பாதியில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கடைசி மூன்றில் ஒரு பங்கைக் கவனியுங்கள்.

வேலூர் கத்திரி வெயிலில் டப்பாவை மாடி அறையில் வைக்கவே கூடாது. 25 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, புழு சுருட்டைத் துளைக்கும் ஆபத்து அதிகம்.

பருமன் மாறினால் இந்த ஒப்பீடு செல்லாது; 52 ரிங் பருமனுள்ள கோஹிபா சிக்லோ 6 சுருட்டை இவற்றோடு ஒப்பிட முடியாது. உதிரி வந்த பெட்டியின் அடியில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒன்று புதுசு, மற்றது ஐந்து வருடப் பழசு என்றாலும் ஒப்பிட்டுப் பயனில்லை.