பலசரக்குச் சிட்டை: இருப்பிலிருந்து தொடங்குங்கள்

நினைவிலிருந்து எழுதும் சிட்டையில் தீர்ந்துபோன சாமானின் பெயர்தான் முதலில் வரும். பாதி டப்பா மிச்சமிருக்கும் வெந்தயமும் பழக்கத்தால் கூடவே வந்துவிடும். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எழுதும்வரை எந்தக் கடைக்குப் போனாலும் பணம் மிச்சமாகாது. மதுரையில் நால்வர் கொண்ட எங்கள் வீட்டில் இப்போது நடைமுறையில் இருக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதல் படி: மூன்று பத்தி போடுங்கள்

நோட்டில் சாமான் பெயருக்கு எதிரே மாதத் தேவை, இருப்பு, வாங்க வேண்டியது என்று மூன்று பத்திகள். அகர வரிசை வேண்டாம். அடுப்படித் தட்டில் டப்பாக்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் பெயர்களை எழுதுங்கள். அப்போதுதான் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை ஒரே நடையில் இருப்பைக் குறித்துவிடலாம்.

இரண்டாம் படி: மாதத் தேவையைக் கண்டுபிடியுங்கள்

எனக்குப் பிடிபட நாளானது இந்தப் படிதான். "மாதம் எவ்வளவு துவரம்பருப்பு ஆகும்?" என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் வழக்கமாக எவ்வளவு வாங்குகிறோம் என்பதைத்தான் சொல்வார்கள். வாங்குவது வேறு, செலவாவது வேறு.

பாக்கெட்டைப் பிரித்த தேதியை டப்பாவின் மூடியில் ஒரு துண்டு காகிதம் ஒட்டி எழுதுங்கள். தீர்ந்த தேதியை நோட்டில் குறியுங்கள். மூன்றாம் தேதி பிரித்த ஒரு கிலோ துவரம்பருப்பு பதினைந்தாம் தேதி தீர்ந்தால் பன்னிரண்டு நாளுக்கு ஒரு கிலோ. அப்படியானால் மாதத்துக்கு இரண்டரை கிலோ.

கணக்கு எளிதுதான். அதைக் கெடுப்பது டப்பா காலியாகும் முன்பே மேலே புதுப் பருப்பைக் கொட்டும் பழக்கம். அடியில் கிடக்கும் பழையது அங்கேயே தங்கி வண்டு பிடிக்கும், தேதிக் கணக்கும் குழம்பும். டப்பா முழுக்கக் காலியாகி, துடைத்த பிறகுதான் அடுத்த பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும். வீட்டில் சமைக்கும் எல்லோரும் இதற்கு ஒத்துக்கொண்டால்தான் முறை நிற்கும்.

இட்லி அரிசிக்கும் உளுந்துக்கும் டப்பாவைப் பார்க்கத் தேவையில்லை, மாவு ஆட்டும் தடவையை எண்ணினால் போதும். ஒரு தடவைக்கு ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து. வாரம் இரண்டு தடவை என்றால் மாதத்துக்கு ஒன்பது தடவை. ஒன்பது கிலோ அரிசி, இரண்டே கால் கிலோ உளுந்து.

அஞ்சறைப் பெட்டிச் சாமான்களை அளந்து கொண்டிருக்காதீர்கள். கடுகு, வெந்தயம், பெருங்காயம் எல்லாம் நூறு கிராம் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். பெட்டிக்கு வெளியே உள்ள கையிருப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் சிட்டையில் சேர்த்தால் போதும்.

எழுதுவது சாதாரண மாதத்தின் தேவையாக இருக்கட்டும். தீபாவளிக் கடலைமாவு, பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஆகும் கூடுதல் சீனி ஆகியவற்றை அந்தந்த மாதத்தில் தனி வரியாகச் சேருங்கள். தீபாவளி மாதத்து அளவை அப்படியே கார்த்திகைக்கும் எடுத்துச் செல்லும் வீடுகளில்தான் மாவு வீணாகிறது.

மூன்றாம் படி: எங்கே வாங்குவது என்று பிரியுங்கள்

முதலில் ரேஷன். அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய். வெளியே என்ன விலை விற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ரேஷன் பொருள் கைக்கு வந்த பிறகு மிச்சத் தேவையை மட்டும் சிட்டையில் எழுதுங்கள்.

பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் ஆகியவை கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்கு. அரிசியில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: 26 கிலோ மூட்டை. 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டி விற்கும் 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 26 கிலோ மூட்டை அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. மூட்டையாக வாங்குகிறவர்கள் விலையைக் கிலோவுக்கு வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காய்கறியை இந்த நோட்டில் சேர்க்காதீர்கள். அதன் விலை தினம் மாறும். 1999இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை இன்று ஊர் ஊராக இருக்கிறது. வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அந்த வாரம் என்ன குழம்பு என்று முடிவு செய்ய வேண்டும்.

புளியும் மிளகாய் வற்றலும் மாசி, பங்குனியில் புதுச் சரக்காக வரும். இடம் இருந்தால் அப்போதே ஆண்டுக்கு வாங்கிக் காயவைத்து எடுத்து வையுங்கள். புளியில் கல் உப்புச் சேர்த்து வைத்தால் கெடாது.

நான்காம் படி: அலகு விலையைப் பாருங்கள்

பாக்கெட்டில் அதிகபட்ச விலைக்கு அருகே அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு, மேற்பட்டது என்றால் கிலோவுக்கு. எழுத்து மிகச் சிறியது, ஆனாலும் தேடிப் படியுங்கள். கடைக்காரர் அதிகபட்ச விலையிலிருந்து குறைத்துத் தந்தால் மட்டும் நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு பாக்கெட்டில் லிட்டர், பக்கத்துப் பாக்கெட்டில் கிராம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஒரு லிட்டர் 150 ரூபாய், அதற்குப் பக்கத்தில் 800 கிராம் 136 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது 14 ரூபாய் குறைவாகத் தெரியும். கிலோவுக்கு மாற்றிப் பார்த்தால் முதலாவது சுமார் 165 ரூபாய், இரண்டாவது 170. 910 என்ற எண்ணை நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

நோட்டா, செயலியா?

நோட்டுதான். கூகுள் ஷீட்டில் கூட்டல் கழித்தல் தானாக நடக்கும், உண்மை. ஆனால் மாவுக் கையோடு போனைத் தொட யாருக்கும் மனம் வராது. நோட்டையும் பென்சிலையும் நூல் கட்டி அடுப்படிச் சுவரில் தொங்கவிட்டால் வீட்டில் எல்லோரும் எழுதுவார்கள். வாங்க வேண்டியது என்ற பத்தியை மட்டும் மாத முதலில் தனித்தாளில் எடுத்தெழுதி, வாட்ஸ்அப்பில் படமாகக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். நாம் போவதற்குள் அண்ணாச்சி கட்டி வைத்துவிடுவார். கடையில் நிற்கும் நேரம் மிச்சம், கண்ணில் படுவதை எல்லாம் எடுக்கும் வாய்ப்பும் இல்லை.

பின்னர் சேர்த்தது

அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர், தனி ஆளுக்கு இந்தக் கணக்குச் சரிவருமா என்று கேட்டார்கள். மூன்று பத்தி அப்படியே இருக்கட்டும், மாதத்தைப் பதினைந்து நாளாக்கிக்கொள்ளுங்கள். ரவை, கோதுமை மாவு இரண்டையும் அரை கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். ரவையை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்து மூடிவிடுங்கள். கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், சின்னப் பாக்கெட்தான் உங்களுக்கு லாபம்.

பிரித்த தேதியை எழுதும் காகிதம் எண்ணெய் பட்டு உரிந்துவிடுகிறது என்றும் ஒருவர் சொன்னார். எண்ணெய்த் தூக்குக்கு மட்டும் காகிதம் வேண்டாம். சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில் "எ" என்று எழுதிவிடுங்கள்.