மகள் தலைமுடிக்கு நீலம் கேட்டால்

“எத்தனை வயசானா கலர் அடிக்கலாம்ப்பா?” என்று என் மகள் கேட்டபோது அவளுக்குப் பதினொன்று. யோசிக்காமல் “பதினெட்டு” என்றேன். “ஏன் பதினெட்டு?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஓட்டுப் போடும் வயது எப்படியோ வாயில் வந்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான். “நீங்க மட்டும் பத்து வருஷமா டை அடிச்சீங்களே?” என்று அடுத்த கேள்வி வந்தது. அம்மாவிடம் போய்க் கேள் என்றேன். அம்மா அவளை என்னிடம் கேட்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள்.

இந்தப் பந்தாட்டம் ஒரு வாரம் ஓடியது. முடித்து வைத்தது என் அக்கா. இருபது வருடமாகப் பார்லரில் கத்தரி பிடிக்கிறவள். போனில் நான் புலம்பி முடித்ததும், “வயசை விடுடா. அவ கேக்குறது கழுவினா போகுமா, போகாதா? அதைச் சொல்லு முதல்ல” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் அளவுகோல். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பெண் இருக்கிறவர்களுக்கு இது பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, முதல் வேலை: பதில் சொல்லாதீர்கள். அவள் சரியாக எதைக் கேட்கிறாள் என்று கேளுங்கள்.

கலர் என்றதும் என் மனதில் தெரிந்தது மொத்தத் தலையும் மயில் கழுத்து மாதிரி. அவள் கேட்டதோ காதுக்குப் பின்னால், மேல்முடிக்கு அடியில் இரண்டே இரண்டு கற்றை. முடியை விரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது, ஜடை போட்டால் நடுவே ஒரு நீலக்கோடு ஓடும். கண்ணாடி முன்னால் நின்று முடியைத் தூக்கிக் காட்டினாள். நான் ஒரு வாரமாக எதற்குச் சண்டை போட்டேன் என்று எனக்கே புரியவில்லை.

மேக்கப்பிலும் இதே கதைதான், ஆனால் இன்னொரு பக்கமாக. அடுத்த மாதம் ஃபவுண்டேஷன் வேண்டும் என்று வந்தாள். எதற்கு என்றால் “சும்மா”. இரண்டு நாளும் சும்மாதான். மூன்றாம் நாள் ராத்திரி நான் பாத்திரம் தேய்க்க, அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தட்டைத் துடைத்தபடியே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: “கிளாஸ்ல ஒரு பையன் எனக்கு மீசை இருக்குன்னான்.” மேல் உதட்டில் இருக்கும் பூனைமுடி. அவளுக்கு வேண்டியிருந்தது மேக்கப் இல்லை, அதை மறைக்க ஏதாவது ஒன்று. இதற்கு நான் “மேக்கப் எல்லாம் வேண்டாம்” என்று சொல்லியிருந்தாலும் தப்பு, “சரி, வாங்கித் தருகிறேன்” என்று சொல்லியிருந்தாலும் தப்பு. அன்று அவள் அம்மா அவளை விளக்கடியில் உட்காரவைத்து, தன் மேல் உதட்டையும் காட்டி, இது எல்லோருக்கும் உண்டு என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினாள். நான் எழுந்து போய்விட்டேன். ஃபவுண்டேஷன் பேச்சு அதற்கப்புறம் வரவே இல்லை.

ஆக, நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரித்தால் உண்மை வராது. கை ஏதாவது வேலையில் இருக்கும்போது, பக்கத்தில் நின்று கேளுங்கள். ஆசைக்காகக் கேட்கிறாளா, அவமானத்துக்காகக் கேட்கிறாளா என்று தெரிந்தபிறகுதான் மற்றதெல்லாம்.

கழுவினால் போகுமா?

முடிக்கான கலர்களை அக்கா எனக்கு நாலாகப் பிரித்துச் சொன்னாள். ஒரே குளியலில் போவது: முடிக்கான சாக், ஸ்ப்ரே, முடி மஸ்காரா. இதற்கு வயதே பார்க்க வேண்டாம். கண்ணில் படாமல், ஸ்ப்ரேயை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தலையணை உறைக்குத்தான் ஆபத்து.

அடுத்தது, பல தடவை ஷாம்பு போட்டால் மெல்ல மங்கிப் போவது. இதில் சாயம் முடியின் மேலோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பெராக்சைடு என்ற ரசாயனம் கலக்க வேண்டியதில்லை. பன்னிரண்டை ஒட்டிய பெண்ணுக்கு நான் யோசிக்கத் தயாராக இருப்பது இதுவரைக்கும்தான், அதுவும் தலைத்தோலில் படாமல், நுனியில் மட்டும்.

மூன்றாவது, நிரந்தர டை. அம்மோனியாவோ அது மாதிரி ஒன்றோ முடியின் செதில்களைத் திறந்துவிடும், பெராக்சைடும் சாயப்பொருளும் உள்ளே போய்ச் சேர்ந்துதான் நிறமே உருவாகும். அதனால்தான் கழுவினாலும் போவதில்லை. இந்தச் சாயங்கள் பலவற்றில் பாரா-பீனைலீன்டையமின் இருக்கும், சுருக்கமாக பிபிடி. இதோடு எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு. பத்து வருடம் நரையை மறைக்க அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. போன வருடம் ஒருநாள் காலையில் எழுந்தால் நெற்றி எரிகிறது, இமை இரண்டும் வீங்கிக் கண் திறக்கவில்லை. மகள்தான் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தாள். டையின் அலர்ஜி முதல் தடவையே வர வேண்டும் என்றில்லை, உடம்பு பல வருடம் பொறுத்துக்கொண்டு ஒருநாள் திரும்பும் என்றார் தோல் மருத்துவர். ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் அதுதான். சில துணிச்சாயங்களும் மரத்துப்போக வைக்கும் சில மருந்துகளும்கூட அப்புறம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பதினொரு வயதில் அந்தக் கணக்கைத் திறந்து வைப்பானேன்? ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வகை டை பெட்டிகளில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். “ஏன் பதினெட்டு?” என்றவளுக்குக் கடைசியில் நான் கொடுத்த எண் அதுதான், 16. இந்தமுறை காரணமும் கையில் இருந்தது. என் வீங்கிய முகத்தைப் பார்த்தவள் என்பதால் அதிகம் வாதாடவில்லை.

நாலாவது பிளீச். பிளீச் நிறம் சேர்ப்பதில்லை, முடியில் இருக்கும் இயற்கை நிறத்தை அழிக்கிறது. கறுப்பு முடியில் நீலமோ பிங்க்கோ பளிச்சென்று தெரிய வேண்டுமானால் முதலில் இதைச் செய்தாக வேண்டும். வீடியோவில் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த விஷயம் தெரிவதே இல்லை. தலைத்தோலில் பட்டால் புண்ணாகலாம், ஆஸ்துமா இருந்தால் அந்தத் தூளே மூச்சை இறுக்கிவிடும். முடி வேரிலிருந்து வெளியே வந்துவிட்டால் உயிரற்ற நார்தான், கெட்டுப்போனால் தானாக ஆறாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். என் மகள் முடி 45 செ.மீ., அப்படியானால் நுனி அவளுக்கு ஏழு வயதில் முளைத்தது. இந்தக் கணக்கை அவளையே போடச் சொன்னேன். ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, நுனியைப் பிடித்துப் பார்த்து, “இது நான் பல் விழுந்தப்போ இருந்த முடியா?” என்றாள்.

மருதாணியைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் மருதாணி இலைத்தூள் ஆரஞ்சுச் சிவப்புதான் தரும், பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும் (ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணு எளிதில் உடையும் பிறவிக் குறை, உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் அறவே கூடாது). உடனே கருகருவென்று பிடிக்கும் “கறுப்பு மருதாணி”யில் பெரும்பாலும் கலந்திருப்பது மேலே சொன்ன அதே பிபிடி. கையில் அதைப் போட்டு எப்போதாவது கொப்புளம் வந்திருந்தால், அந்தப் பெண் பக்கத்தில் டை பெட்டியே போகக்கூடாது.

48 மணி நேரம்

பல தடவை கழுவி மெல்லப் போகிற கலரானாலும் சரி, ஒரே குளியலோடு போகாத எதையும் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ துளி தடவி 48 மணி நேரம் காத்திருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தால் அதோடு சரி. ஒன்றும் வராவிட்டாலும் முழு உத்தரவாதம் கிடையாது, ஆனால் செய்யாமல் விடுவதற்கு அது சாக்கு இல்லை.

இதைச் செய்யும் வேலையை அவளிடமே கொடுங்கள். என் மகள் முழங்கை மடிப்பில் தடவி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டு, காலண்டரில் நேரம் எழுதி வைத்தாள். மறுநாள் சாயங்காலமே “போதும்ப்பா, ஒண்ணும் ஆகல” என்றாள். நான் காலண்டரைக் காட்டினேன். முணுமுணுத்தாள், ஆனால் காத்திருந்தாள். இரண்டு நாள் பொறுக்க முடியாத பெண் என்றால், அது நமக்கு ஒரு தகவல். எந்த வயதானாலும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

மேக்கப்பில் வரிசை

மேக்கப் நான் நிபுணன் இல்லாத சப்ஜெக்ட். அக்காவும் மனைவியும் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது: உதட்டிலும் நகத்திலும் ஆரம்பித்து, கண்ணில் முடியுங்கள்.

லேசாக நிறம் தரும் லிப் பாம், சாதாரண நெயில் பாலிஷ் இரண்டையும் பத்து வயதில் கேட்டால்கூட நான் மறுக்க மாட்டேன். விளக்குக்கு அடியில் காயவைக்கும் ஜெல் பாலிஷ் மட்டும் வேண்டாம். அதில் உள்ள அக்ரிலேட் வகைப் பொருட்களுக்கு அலர்ஜி வந்தால் அதுவும் லேசில் விடாது, பல் அடைப்பதற்குக்கூட அதே குடும்பத்துப் பொருட்களைப் பயன்படுத்துகிறார்கள்.

முகத்தில் பூசுவது பெரும்பாலும் பருவை மறைக்கத்தான். மறைக்கப் பூசி, பூசியதைச் சரியாகக் கழுவாமல் படுத்து, பரு கூடி, இன்னும் பூசி என்று ஒரு சுற்று உண்டு. இந்த வயதில் முகத்துக்கு வேண்டியது மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். ரெட்டினால், ஆசிட் சீரம் என்று சுருக்கத்துக்கு விற்கும் சமாச்சாரங்களைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடுக்கடுக்காகப் பூசுவதைவிட லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு சுற்றுவதே மேல். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லிப்ஸ்டிக் துடைத்தால் போய்விடும், எரிந்து உரிந்த தோல் ஆற நாளாகும்.

கண் கடைசி. மஸ்காராவைத் திறந்து மூன்று மாதத்தில் தூக்கிப் போட வேண்டும், யாரோடும் பகிரக் கூடாது. கண்நோய் தொற்றுவதற்கு அது நல்ல வழி. கண்மையில் சில வகைகளில் ஈயம் இருந்திருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியில் போடாத கண்மை எதையும் வாங்க வேண்டாம். தலைக்கு அடிக்கும் டையைப் புருவத்திலோ இமையிலோ வைக்கவே கூடாது, பார்வையே போகும் அபாயம் உண்டு. “சிறுமிகளுக்கானது” என்ற எழுத்தையும் நம்பிவிடாதீர்கள். 2019இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. சோதித்தபோது சிறுமிகளைக் குறிவைத்து விற்ற சில அலங்காரப் பொருட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பொம்மை மாதிரிப் பெட்டியில் வரும் செட்டைவிட, பொருட்பட்டியல் போட்ட ஒரே ஒரு லிப் பாம் நல்லது.

எங்கள் வீட்டில் ஒரே நிபந்தனை: போடத் தெரிந்தால் கழுவவும் தெரிய வேண்டும். ராத்திரி எடுக்காமல் படுத்தால் ஒரு வாரம் விடுமுறை. இதுவரை மூன்று முறை விடுமுறை விட்டாயிற்று.

மறுப்பதானால்

பள்ளி விதியை முதலில் படித்துவிடுங்கள். அதில் தடை இருந்தால் பாதிச் சண்டை உங்களுடையதே இல்லை. “இப்போ வேண்டாம்” என்று சொன்னால் எப்போது மறுபடி பேசுவோம் என்று தேதியும் சொல்லுங்கள். தேதி இல்லாத மறுப்பைப் பிள்ளைகள் தினமும் சோதித்துப் பார்ப்பார்கள். அப்பா ஒன்று, அம்மா ஒன்று சொல்லாதீர்கள், எங்கள் பந்தாட்டத்தை ஏற்கெனவே சொன்னேன். வீட்டில் போட்டுப் பார்ப்பது வேறு, போட்டோ எடுத்து வெளியே போடுவது வேறு. முதலாவதற்குச் சரி சொன்னதால் இரண்டாவதற்கும் சொன்னதாக ஆகாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியாமல் அடித்துக்கொண்டு வந்து நின்றால் திட்டுவதைத் தள்ளிப் போடுங்கள். தலையை நிறையத் தண்ணீரில் அலசி, என்ன பெட்டி என்று வாங்கிப் பாருங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். வேறு கலர் அடித்து அதை மறைக்க மட்டும் முயல வேண்டாம்.

நீலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அக்கா ஒரு யோசனை சொன்னாள். மகள் சீப்பில் சேர்ந்த முடியைச் சேர்த்து நூலால் கட்டினாள். பக்கத்தில் என் தலையிலிருந்து வெட்டிய நரைமுடியையும் ஒரு கட்டாகக் கட்டினாள். இரண்டிலும், முழங்கையில் தடவிப் பார்த்த அதே கலரைக் கையுறை போட்டுப் பூசி, பெட்டியில் போட்ட நேரம் வரை வைத்து அலசிக் காயவைத்தாள். பிளீச் இல்லை.

அவளுடைய கட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்குள் வந்தால் வெறும் கறுப்பு. “இதுக்கா ரெண்டு நாள் வெயிட் பண்ணேன்?” என்றாள். என் நரைக்கட்டு மட்டும் கண்ணைப் பறிக்கும் நீலம். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இப்போது கிளிப்பில் மாட்டும் நீலக்கற்றை ஒன்று வைத்திருக்கிறாள். விடுமுறை நாட்களில் குத்திக்கொள்வாள். என் நரைக்கட்டு அவள் பென்சில் பெட்டியில் இருக்கிறது. தூக்கிப் போடச் சொன்னேன், கேட்கவில்லை.