ஓட்டுநர் இருக்கையை உடலுக்கேற்ப அமைத்துக்கொள்ளும் முறை

ஒரே காரைக் கணவன், மனைவி, மகன் என மூவர் மாறி மாறி ஓட்டும் வீடுகளில், ஒருவர் விட்டுச்சென்ற நிலையிலேயே அடுத்தவர் இருக்கையில் அமர்ந்து, காலுக்கு எட்டவில்லை என்றால் சற்று முன்னே நகர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. இருக்கையில் மாற்றக்கூடியவை ஒன்றல்ல, பல; அவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும். எனவே உயரம், கால் தூரம், முதுகுச் சாய்வு, ஸ்டீயரிங், ஹெட்ரெஸ்ட், சீட் பெல்ட், கண்ணாடிகள் என்ற வரிசையில் செய்தால்தான் வேலை ஒரே முறையில் முடியும். நம் ஊரில் இன்றும் பெரும்பாலோர் ஓட்டுகிற, வலப்பக்கம் ஸ்டீயரிங்கும் கையால் மாற்றும் கியரும் உள்ள சிறிய காரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஓடும் காரில் இருக்கையை நகர்த்தவே கூடாது. பூட்டு விடுபட்ட இருக்கை பிரேக் பிடித்ததும் முன்னே சறுக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னே ஓடும். வழக்கமாக ஓட்டும்போது அணியும் செருப்பையோ ஷூவையோ அணிந்திருங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இடுப்பின் ஒரு பக்கத்தை உயர்த்தி, நீண்ட பயணத்தில் முதுகையும் காலையும் வலிக்க வைக்கும். பிறகு, இருக்கையும் முதுகுப்பகுதியும் சேரும் மூலை வரை இடுப்பை நன்றாகத் தள்ளி அமருங்கள். இடுப்புக்குப் பின்னால் இடைவெளி விட்டு அமர்ந்து செய்கிற எந்த அளவும் சரியாக வராது.

உயரத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. உயரம் குறைந்தவர்களும் புதிதாக ஓட்டக் கற்றவர்களும் சாலை தெரியவில்லை என்று தோன்றியதும், இருக்கையை உயர்த்துவதற்குப் பதிலாக முன்னே இழுத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்தபடி ஓட்டுகிறார்கள். பார்வைக் குறையைத் தூரத்தைக் குறைத்துச் சரிசெய்ய முயல்வதுதான் இருக்கை விஷயத்தில் நான் காணும் மிகப் பெரிய தவறு. இருக்கையின் வெளிப்பக்கம், கதவை ஒட்டி ஒரு லீவர் இருக்கும். அதை மேலே மேலே தூக்கினால் இருக்கை படிப்படியாக உயரும், கீழே அழுத்தினால் இறங்கும்.

எந்த அளவுக்கு உயர்த்துவது என்பதைக் கண்தான் தீர்மானிக்க வேண்டும். நேராகப் பார்க்கும்போது பார்வை முன்கண்ணாடியின் பாதி உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ செல்ல வேண்டும்; சாலையை ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே புகுந்து பார்க்காமல் அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். மேல் எல்லைக்கும் அடையாளங்கள் உண்டு. தலை உச்சிக்கும் கூரைக்கும் இடையே குறைந்தது ஒரு முஷ்டி நுழைய வேண்டும். இல்லையேல் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது தலை இடிக்கும். சிக்னலில் முதல் ஆளாக நிற்கும்போது விளக்கைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருந்தாலும், தொடை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் உரசினாலும் அளவுக்கு மீறி உயர்த்திவிட்டீர்கள். பக்கவாட்டில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொன்னால், உங்கள் இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கிறதா என்பதைச் சொல்லிவிடுவார்.

பானட்டின் முன் விளிம்பு தெரிந்தால்தான் வண்டி கையில் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய கார்கள் பலவற்றில் பானட் முன்னோக்கிச் சரிந்து இறங்குவதால், எவ்வளவு உயர்த்தினாலும் அந்த விளிம்பு தெரியாது. அதைத் தேடி உயர்த்திக்கொண்டே போவதைவிட, வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்பதை ஒரு சுவருக்கு முன் மெல்ல நிறுத்திப் பழகிக்கொள்வதே பயன் தரும்.

விலை குறைந்த வேரியன்ட்டுகள் பலவற்றில் உயரம் மாற்றும் வசதியே இருப்பதில்லை. உயரம் குறைந்தவர் கார் வாங்கும்போது, ஷோரூமில் காட்டுவதற்காக வைத்திருக்கும் உயர்ந்த வேரியன்ட்டில் அமர்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்காமல், தாம் வாங்கப்போகும் வேரியன்ட்டிலேயே அமர்ந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் திண்டு ஒன்றைப் பயன்படுத்தலாம். ஆனால் அது கெட்டியானதாக, பின்புறம் தடித்து முன்புறம் மெலிந்ததாக, நழுவாதபடி பிணைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மெத்தென்ற தலையணை கூடாது. மோதலின்போது அது அமுங்கி, உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவி, இடுப்பெலும்பு தாங்க வேண்டிய விசை வயிற்றில் இறங்க வழிசெய்யும்.

அடுத்தது கால் தூரம். இருக்கையின் அடியில், முன்புறம் உள்ள கம்பியைத் தூக்கி இருக்கையை நகர்த்துங்கள். பல கார்களில் இருக்கையை உயர்த்தும்போதே அது சற்று முன்னும் நகர்கிறது. தூரத்தை இரண்டாவதாக வைப்பதற்கு இதுவும் காரணம். கிளட்சை இடது உள்ளங்காலின் முன்பகுதியால் தரைவரை அழுத்துங்கள். முழுதும் அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும், இடுப்பு இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. விரல் நுனியால் எட்டிப்பிடித்தால் இருக்கை தொலைவில் இருக்கிறது. தொடை மெத்தையைவிட்டு எழும்பி, முழங்கால் டேஷ்போர்டின் அடியைத் தொட்டால் மிக அருகில் இருக்கிறது. இதே சோதனையைப் பிரேக்கிலும், என்ஜின் ஓடும் நிலையில், பலமாக அழுத்திச் செய்யுங்கள். என்ஜின் நின்றிருந்தால் ஓரிரு அழுத்தத்துக்குப் பிறகு பிரேக் இறுகிவிடும்; அப்போது கிடைக்கும் அளவு உண்மையானதல்ல. ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் இல்லாததால், பிரேக்கை முழுதும் அழுத்திய வலது காலையும், இடப்பக்கக் கால்தாங்கியில் பதிந்த இடது காலையும் வைத்தே தூரத்தைக் கணிக்க வேண்டும்.

முழங்கால் மடங்கியிருப்பதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. நீட்டிய காலால் பிரேக்கைக் கடைசிவரை பலமாக மிதிக்க முடியாது. மோதல் நேர்ந்தால் நீட்டி விறைத்த கால் வழியாகவே அதிர்ச்சி இடுப்பு மூட்டுவரை ஏறும். தூரம் சரியானதும், 'கிளிக்' என்று பூட்டு விழுந்ததா என உடலை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருப்பது நல்லது. பெடல்களின் பக்கம் தண்ணீர் பாட்டில் உருண்டுவரும்படி வைக்காதீர்கள். பிரேக்குக்கு அடியில் அது மாட்டிக்கொண்டால் மேலே சொன்ன எந்த அளவும் உதவாது. நழுவும் கால்மிதிக்கும் இதுவே பொருந்தும்.

முதுகுச் சாய்வைப் பொறுத்தவரை, ஈஸி சேரில் சாய்வதுபோல் சாய்ந்து ஒற்றைக் கையால் ஓட்டுவது அனுபவத்தின் அடையாளம் என்று கருதப்படுவது வருத்தத்துக்குரியது. இருக்கைக்கும் முதுகுப்பகுதிக்கும் இடையே ஏறத்தாழ 100 முதல் 110 டிகிரி வரை கோணம் இருந்தால் போதும். தோள்கள் இரண்டும் பின்னால் பதிந்திருக்க, கையை நீட்டி ஸ்டீயரிங்கின் உச்சியில் வையுங்கள். அங்கே மணிக்கட்டு படிய வேண்டும். விரல்கள் மட்டும் எட்டினால் முதுகை நிமிர்த்துங்கள். முன்கை படிந்தால் சற்றுச் சாயுங்கள். மணிக்கட்டு படியும் தூரத்தில், கைகளைக் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் வைத்துப் பிடிக்கும்போது முழங்கை தானாக மடங்கும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் தோள் முதுகுப்பகுதியைவிட்டு எழாது.

ஸ்டீயரிங்கை மேலும் கீழும் மாற்றும் லீவர் அதன் தண்டுக்கு அடியில் இருக்கும். வேகமானி முழுதும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து, லீவரை இறுகப் பூட்டுங்கள். சில கார்களில் ஸ்டீயரிங்கை நம் பக்கம் இழுக்கவும் முடியும்; கால் நீளமும் கை நீளமும் ஒத்துப்போகாதவர்களுக்கு இது பெரும் உதவி. இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயமாகிவிட்டதால், ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் மார்பெலும்புக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி விடுவதை எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான நேரத்தில் பெரும் விசையோடு விரியும் அந்தப் பை, மிக அருகில் அமர்ந்திருப்பவரைக் காயப்படுத்தக்கூடும். ஸ்டீயரிங் வளையத்தைச் சற்றுக் கீழே சாய்த்தால் அது முகத்தை நோக்கி நில்லாமல் மார்பை நோக்கி நிற்கும். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களில், அதற்கென இடம் விட்டுத் தைக்காத சீட் கவரைப் போடக் கூடாது.

ஹெட்ரெஸ்ட் தலை சாய்த்து ஓய்வெடுப்பதற்கானது அல்ல. பின்னால் வரும் வண்டி மோதும்போது கழுத்து பின்னோக்கி ஒடியாமல் தடுப்பதற்கானது. அதன் மேல்விளிம்பு தலை உச்சியை ஒட்டியும், தலைக்கும் அதற்கும் இடையே நான்கு விரலுக்கு மேற்படாத இடைவெளியோடும் இருக்க வேண்டும். முதுகுக்குத் தடித்த தலையணை வைப்பவர்களுக்கு இந்த இடைவெளி கூடிவிடுகிறது. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பெலும்பின் மேலும், மேல்பட்டை கழுத்தை உரசாமல் காறையெலும்பின் நடுவிலும் செல்ல வேண்டும். கதவை அடுத்த தூணில் பெல்ட்டின் உயரத்தை மாற்றும் பகுதி இருந்தால் பயன்படுத்துங்கள். கர்ப்பிணிகள் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், தொடையின் தொடக்கத்தை ஒட்டி அணிய வேண்டும். கண்ணாடிகளைக் கடைசியில்தான் திருப்ப வேண்டும், ஏனெனில் இருக்கை மாறினால் அவை காட்டும் காட்சியும் மாறிவிடும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற ஏற்றத்தில், முன்கண்ணாடியின் ஓரத்தூண் எதிர்வரும் வண்டியை மறைக்கும். அதற்காக இருக்கையை மாற்ற வேண்டாம். வளைவுக்கு முன் மேலுடலை மட்டும் சற்று முன்னே சாய்த்து, தூணைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீண்டும் பின்னால் பதிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்ததா என்பதைச் சென்னையிலிருந்து மதுரை போகும் அளவுக்கு நீண்ட பயணம் ஒன்றே தெளிவாகக் காட்டும். தோளும் கழுத்தும் வலித்தால் ஸ்டீயரிங் தொலைவில் இருக்கிறதா, முதுகு அதிகம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தொடையின் அடிப்பகுதி மரத்துப்போனால் இருக்கையை ஒரு படி இறக்குங்கள். வலது கெண்டைக்கால் இழுத்தால் இருக்கையை ஒரு பல் முன்னே நகர்த்தி, குதிகாலைத் தரையில் ஊன்றி ஓட்டிப் பாருங்கள். கீழ்முதுகில் வலி வந்தால் முதலில் இடுப்பு மூலையைவிட்டு நழுவியதா என்றுதான் கவனிக்க வேண்டும்; தொடர்ந்து வலித்தால் மடித்த மெல்லிய துண்டு ஒன்றை இடுப்பின் வளைவில் வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தால், வலி இருக்கையால் வருகிறதா, களைப்பால் வருகிறதா என்பதும் பிரிந்து தெரியும்.

பலர் ஓட்டும் காராக இருந்தால், இருக்கையைக் கடைசிவரை பின்னே தள்ளி, அங்கிருந்து எத்தனை 'கிளிக்' முன்னே வந்தால் தமக்குப் பொருந்துகிறது என்பதையும், அடிமட்டத்திலிருந்து உயர லீவரை எத்தனை முறை தூக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் குறித்து டேஷ்போர்டு அறையில் வைத்துக்கொள்ளலாம். சர்வீஸுக்கு விட்டு எடுத்த நாளிலும் அந்தத் தாள் உதவும்.