எஸ்பிஎஃப் 50 போட்டும் முகம் கருக்கிறதா?

ஏற்காடு போய் வந்தவர்கள் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: "அங்க ஜில்லுனுதான் இருந்துச்சு, ஆனா முகம் கருத்துப்போச்சு." குளிராக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீன் போடாமல் இருப்பதுதான் இங்கே முதல் தவறு. சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. கதிரைத் தோலால் உணரவே முடியாது. சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் கதிரின் அளவு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். லேசான மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது.

அடுத்தது, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு: டியூபில் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது. அந்த எண், தோல் சிவந்து எரிவதை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு. தரைக்கு வரும் புற ஊதாக் கதிரில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகை உண்டு, தோலை எரிப்பது பெரும்பாலும் யுவிபி கதிர். நம் ஊரில் ஆட்கள் கவலைப்படுவதோ கருத்துப்போவது, மங்கு, சுருக்கம் பற்றித்தான். இவற்றில் யுவிஏ கதிருக்குப் பெரிய பங்கு உண்டு, அது தோலின் உள் அடுக்கு வரை போகும், தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் சுமார் 95 சதவீதம் அதுதான். அதற்கு டியூபில் 'பிஏ' என்ற எழுத்தும் பக்கத்தில் கூட்டல் குறிகளும் இருக்கிறதா பாருங்கள். ஜப்பானில் தொடங்கிய அளவு இது, நான்கு கூட்டல் குறி இருந்தால் உச்சம். ஐரோப்பியத் தயாரிப்பு என்றால் வட்டத்துக்குள் யுவிஏ என்று போட்டிருக்கும். எஸ்பிஎஃப் 30 யுவிபியில் சுமார் 97 சதவீதத்தையும் 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் யுவிஏ பற்றி எதுவுமே போடாத 50-ஐ விட, நான்கு கூட்டல் குறி உள்ள 30-ஐத்தான் நான் எடுக்கச் சொல்வேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறோமே என்று விடுவதும் தப்பு. சாதாரணக் கண்ணாடி யுவிபியைப் பெருமளவு நிறுத்திவிடும், யுவிஏவில் நிறைய உள்ளே வந்துவிடும். காரின் முன் கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது என்பதால் நன்றாகத் தடுக்கும். பக்கக் கண்ணாடிகள் பலவற்றில் அது கிடையாது. சேலம் அஸ்தம்பட்டியில் ஆபீஸ் ஜன்னலோரம் நாள் முழுக்க உட்காருகிறவருக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஜன்னல் சீட்டில் போகிறவருக்கும் இது பொருந்தும்.

அப்புறம் அளவு. சோதனைக் கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள், நாமோ பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்க்கிறோம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். காது, பின்கழுத்து, வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புறங்கை, இதெல்லாம் விட்டுப்போகிற இடங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துத் துடைத்தால் உடனே, மறுபடி பூச வேண்டும்.

மாநிறம், கறுப்பு என்றால் தேவையில்லை என்பார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காப்பாற்றும், முழுக்க அல்ல. மங்கு உள்ளவர்களுக்கு நாம் கண்ணால் பார்க்கும் வெளிச்சமே அதைக் கூட்டும், அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் நல்லது. மஞ்சளும் சந்தனமும் இதற்கு மாற்று இல்லை.

வாங்கிய டியூபை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுவைக்காதீர்கள். சேலத்து ஏப்ரல், மே சூட்டில் மருந்து கெட்டுப்போகும். தண்ணி தனியாகப் பிரிந்து வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.