பாலாடைக்கட்டியை அளவறிந்து உண்ணும் முறை

சீஸ் என்று நாம் அழைக்கும் பாலாடைக்கட்டி செறிந்த பாலே. செடார் என்னும் கடினமான வகையில் ஒரு கிலோ செய்வதற்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் வேண்டும். பால் உறைந்ததும் தெளிநீரை வடிக்கும்போது தண்ணீரும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையின் பெரும்பகுதியும் வெளியேறிவிட, கேசீன் புரதமும் கொழுப்பும் கால்சியமும் கட்டியில் தங்கிவிடுகின்றன. அதன் நன்மை, தீமை இரண்டும் இந்தச் செறிவிலிருந்தே வருவதால், முதலில் அளவைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு முறைக்கு 30 கிராம், அதாவது சிறிய தீப்பெட்டி அளவுத் துண்டு, போதுமானது. அவ்வளவு செடாரில் சுமார் 7 கிராம் புரதமும் 200 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன. வளர்ந்தவருக்கு நாள்தோறும் தேவைப்படும் 1000 மில்லிகிராம் கால்சியத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு. வைட்டமின் பி12, பாஸ்பரஸ், துத்தநாகம் ஆகியவையும் கிடைக்கின்றன. ஆனால் அதே துண்டில் 120 கலோரியும், 6 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பும், 200 மில்லிகிராமை ஒட்டிய சோடியமும் இருக்கின்றன. சோடியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள நாள் வரம்பு 2000 மில்லிகிராம் என்பதை நினைத்தால், கை போன போக்கில் துருவிப் போடத் தோன்றாது. ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால் பிறகு கண்ணே அளவு சொல்லிவிடும்.

வாங்கும்போது உறையில் உள்ள விவரங்களைப் படியுங்கள். பதப்படுத்திய சீஸில் சீராக உருகுவதற்கென உப்புகள் சேர்க்கப்படுவதால், சோடியம் பெரும்பாலும் செடாரைவிட மிகக் கூடுதலாக இருக்கும். பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட்டைத் தவிர்க்க விரும்பும் சைவர்கள், நுண்ணுயிர் ரென்னெட்டால் செய்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

பால் குடித்தால் வயிறு உப்பும் என்பவர்களுக்கு நன்கு முதிர்ந்த கட்டி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனெனில் வடிந்தது போக எஞ்சிய லாக்டோஸையும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. ரிக்கோட்டா போன்ற, முதிரவைக்காத வகைகளில் லாக்டோஸ் கூடுதலாகவே மிஞ்சியிருக்கும். பால் புரத ஒவ்வாமை இதனின்று முற்றிலும் வேறானது. அது உள்ளவர்கள் எந்த வகையையும் தொடக்கூடாது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் குழப்பிக்கொள்வது ஆபத்தில் முடியக்கூடும்.

வெண்ணெயில் உள்ள கொழுப்பை அதே அளவில் பாலாடைக்கட்டியாக உண்டால் எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் குறைவாகவே உயர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை விருப்பம்போல் உண்ண அனுமதியாகக் கொள்பவர்கள், ஒப்பீடு வெண்ணெயோடுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதில் நார்ச்சத்தும் வைட்டமின் சியும் இல்லை. ஆகவே காய்கறி, பழம், முழுத்தானிய ரொட்டி ஆகியவற்றோடு சேர்த்து உண்பதே பொருத்தம். உப்பு பிஸ்கட்டோடு உண்டால் உப்போடு உப்புதான் சேரும். இனிப்புக்குப் பின் ஒரு சிறு துண்டை மென்றால் உமிழ்நீர் பெருகி, பல்லை அரிக்கும் அமிலம் தணிகிறது.

கர்ப்பிணிகள் லிஸ்டீரியா கிருமியின் அபாயம் கருதி, பாஸ்டுரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத பாலில் செய்தவற்றையும், பிரீ, கமம்பேர் போன்ற மென்மையான வகைகளையும் சூடாக்காமல் உண்ணக்கூடாது. மனச்சோர்வுக்காக எம்ஏஓஐ வகை மருந்து எடுப்பவர்கள் முதிர்ந்த வகைகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் உள்ள டைரமைன் இரத்த அழுத்தத்தைத் திடீரென அபாயகரமாக உயர்த்திவிடும். சிறுநீரக நோயாளிகள் பாஸ்பரஸையும் சோடியத்தையும் முன்னிட்டு மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

வாங்கிய கட்டியை மெழுகுத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கடினமான கட்டியில் பூஞ்சை கண்டால் சுற்றிலும் 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி நீக்கிவிட்டு மீதியை உண்ணலாம். மென்மையான வகையிலோ துருவி வைத்ததிலோ புதிதாகப் பூஞ்சை படர்ந்திருந்தால், அது உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.